வயலின் வகுப்புக்கு நான் தேர்ந்தெடுத்த மென்பொருள்

போன வாரம், இப்போது மையத்தில் வயலின் சொல்லித்தரும் நீங்கள் மூவரும் என் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, "மிஸ், நம்ம வயலின் பசங்களுக்கு இதுல எந்த ஆப் வாங்கலாம்?" என்று கேட்டீர்கள். உங்களில் ஒருத்தி, "இது பாருங்க மிஸ், எழுதினதைத் தானே வாசிச்சுக் காட்டும்" என்று பெருமையாகத் திரையைத் தொட்டாள். நான் பதில் சொல்லாமல் காபி போடப் போய்விட்டேன். கிழவிக்குப் புரியவில்லை போல என்று நினைத்திருப்பீர்கள். புரிந்ததால்தான் போனேன். இதே கேள்வியை ஒருமுறை என்னிடம் கேட்டார்கள். நானும் பளிச்சென்று பதில் சொன்னேன். அதில் வேறொருவரின் பிழைப்பு போகப் பார்த்தது. ஒரு காபிக்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதித் தருகிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. காக்ஸ் டவுனில் நம் இசை மையம் ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்பக்கத்தில் இருந்தது. எனக்கு முப்பத்து நான்கு வயது. வயலின் பிரிவு முழுக்க என் பொறுப்பு என்பதால் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது. மையத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்ததும், இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள் ஒன்று வாங்கலாம் என்று முடிவாயிற்று. தேர்ந்தெடுக்க மூன்று பேர் உட்கார்ந்தோம்: மையத்தின் செயலாளர், பியானோ டீச்சர், நான்.

கடைக்காரர் இரண்டைக் கொண்டுவந்து காட்டினார். முதலாவது பார்க்க அழுதுவடிந்தது. ஆனால் அச்சடித்தால் வெளிநாட்டுப் புத்தகம் போலச் சுத்தமாக வரும். வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா, எந்த விரல், எல்லாவற்றுக்கும் குறி போடலாம். சத்தம் மட்டும் கிடையாது. இரண்டாவது பாடியது. நாம் எழுதிய சுரங்களை அதுவே வயலின் குரலில் வாசிக்கும். அந்தக் குரல் காதருகே கொசு பறப்பது போல இருந்தது என்றாலும் சுருதி பிசகாது. வாசிக்கும்போது, ஒலிக்கிற சுரத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே காத்திருந்த பெற்றோர் இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். அப்போதே நான் தீர்மானித்துவிட்டேன்.

பியானோ டீச்சர் மட்டும் தலையை ஆட்டினார். "இது வேணாம். பசங்க கோட்டைத்தான் பாப்பாங்க. நோட்டைப் பாக்கமாட்டாங்க."

"டீச்சர், நீங்க மவுஸையே ரெண்டு கையால பிடிக்கிறீங்க. இதைப் பத்தி நீங்க சொல்றீங்களா?" என்றேன்.

செயலாளர் சிரித்தார். கடைக்காரர் சிரித்தார். பியானோ டீச்சர் சிரிக்கவில்லை. பாடுகிற மென்பொருளை வாங்கினோம். அவர் சொன்ன கருத்துக்கு நான் பதிலே சொல்லவில்லை, அவரை மட்டம் தட்டினேன், அவ்வளவுதான். அன்று இது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் குமுதா வந்தார். ஸ்ரீராம்புரத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது பெரியவர். நான் குமுதாக்கா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். ஒரு தனியார் பள்ளியில் அலுவலக உதவியாளர் வேலை. ஃபைல் தூக்குவது, பெல் அடிப்பது, ஆசிரியர் அறைக்கு டீ கொண்டுபோவது. ஆனால் அவருடைய அண்ணன் ஒரு லைட் மியூசிக் பார்ட்டி நடத்தியவர். பதினாறு வயதிலிருந்தே குமுதா அந்த மேடைகளில் வயலின் வாசித்தவர். எந்தப் பாட்டையும் ஒருமுறை கேட்டால் போதும், அடுத்த முறை வாசிப்பார். ஒருமுறை என்றால் ஒரே ஒருமுறைதான். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு காதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அந்தப் பள்ளியில் வயலின், செல்லோ எல்லாம் கற்றுத்தரும் வகுப்பு ஒன்று உண்டு. அதன் ஆசிரியர் பாதி வருஷத்தில் வளைகுடாவுக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளைகள் ரகளை செய்ய, டீ கொண்டுபோன குமுதா ஒரு வயலினை எடுத்து வாசித்து எல்லோரையும் உட்கார வைத்திருக்கிறார். தலைமையாசிரியைக்கு அது பிடித்துப்போனது. இவரையே இசை ஆசிரியையாகப் போடலாமே என்று நிர்வாகத்திடம் கேட்டார். நிர்வாகம் ஒரு நிபந்தனை வைத்தது. காதால் கேட்டு வாசித்தால் மட்டும் போதாது, ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷனைப் பார்த்துப் படிக்கத் தெரியவேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஒரு பரீட்சை. இதுவரை பார்த்திராத ஒரு தாளை வெளியிலிருந்து வருகிற ஒருவர் கொடுப்பார். அதைப் படித்து வாசித்து, அங்கேயே பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும். தேறினால் வேலை. தேறாவிட்டால் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் தயாராக இருந்தார்.

"நான் டீ குடுக்கற ரூம்ல எனக்கும் ஒரு சேர் போடுவாங்க மிஸ்," என்றார் முதல் நாளே. "அதுக்கோசரம்தான் வந்துக்கீறேன். வேற ஒண்ணும் மறைக்கல."

ஆறு மாதம் இருந்தது. வாரம் மூன்று நாள், வேலை முடிந்து பஸ் பிடித்து வருவார். நான் அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். சிவப்புக் கோடு ஓடும், அவர் கண் அதன் கூடவே ஓடும், வில் இழைந்து வரும். இரண்டாம் மாதமே கஷ்டமான தாள்களை வாசித்தார். நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். 'மென்பொருள்னா இதுதான் மென்பொருள், ஆறு வருஷப் படிப்பு ஆறு மாசத்துல' என்று பியானோ டீச்சர் காதில் விழும்படியே சொன்னேன்.

பரீட்சைக்குப் பதினோரு நாள் இருந்தபோது, மே மாத மத்தியானம் ஒன்றில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. திரை அணைந்தது. மையத்தில் யு.பி.எஸ். கிடையாது. அதே தாளின் அச்சுப் பிரதி ஸ்டாண்டில் இருந்தது.

"பரவாயில்லை, பேப்பரைப் பார்த்துத் தொடருங்க," என்றேன்.

அவர் வாசிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் போதவில்லையோ என்று ஸ்டாண்டைத் தள்ளி வைத்தேன். அப்போதும் வாசிக்கவில்லை. அடுத்த பக்கத்தில் இருந்த, அவர் இதுவரை கேட்டிராத ஒரு சின்னத் துண்டைக் காட்டினேன். நம்மிடம் ஒன்பது வயதுப் பிள்ளைகள் வாசிக்கிற துண்டு. வில்லைத் தந்தியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். 

"கோடு வரட்டும் மிஸ்," என்றார் மெதுவாக.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு மாதமாக அவர் ஒரு சுரத்தைக்கூடப் படிக்கவில்லை. மெஷின் பாடியதை அந்த அபாரமான காது பிடித்துக்கொண்டது, கண் சும்மா கோட்டின் பின்னால் போயிற்று. அவர் என்னை ஏமாற்றவில்லை. தாமே படிப்பதாகத்தான் அவரும் நம்பியிருந்தார். அந்தக் காதுக்கு முன்னால் பாடுகிற மெஷினைக் கொண்டுபோய் வைத்தவள் நான்.

உண்மையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வயலினை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப ஆறு மாசமா நான் இன்னாதான் படிச்சேன்?"

"ஒண்ணும் படிக்கலை. தப்பு என்னுது."

"தப்பு உங்குளுது. வேலை என்னுது." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "என் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மிஸ், எனக்குப் படிக்க வருதுன்னு. எச்.எம். கிட்ட சொல்லிட்டேன். எங்கண்ணன் கிட்ட சொல்லிட்டேன். நீங்க சொன்னத நம்பித்தானே சொன்னேன்?"

அன்று மாலையே கம்ப்யூட்டர்மேல் துணியைப் போட்டு மூடினேன். நானும் வாசித்துக் காட்டவில்லை, வாயால் பாடிக் காட்டவும் இல்லை. ஏதாவது காதில் விழுந்தால் அவர் அதைப் பிடித்துக்கொள்வார் என்று பயம். பழைய காலண்டர் அட்டைகளின் பின்பக்கம் கையால் எழுதினேன். முதலில் பெஞ்சில் கைதட்டித் தாளம், பிறகு வாயால் சுரத்தின் பெயர், கடைசியில்தான் வில். மேடையில் நானூறு பேர் முன்னால் கண்ணை மூடி வாசித்தவர், எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு சுரமாகத் தடவிக்கொண்டு போனார். இரண்டு முறை வில்லைத் தூக்கிப் போட்டார். ஒருமுறை, "சும்னே டைம் வேஸ்ட் மிஸ், ஆவாது," என்று எழுந்து கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். ஏழாம் நாள், இதுவரை கேட்டிராத நான்கு வரிகளை ஆமை வேகத்தில் ஆனால் பிழையில்லாமல் படித்து முடித்தார். முடித்ததும் அவரே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார். "இது நானே படிச்சதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருவருக்கும் அழுகை வந்தது. இருவரும் அடக்கிக்கொண்டோம்.

இப்போதுதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் வருகிறது.

எட்டாம் நாள் காலை அந்தப் பள்ளியின் குமாஸ்தா ஓர் உறையைக் கொண்டுவந்தார். பரீட்சை நடத்த வருகிறவர் ஓய்வுபெற்ற ஒரு பேண்ட் மாஸ்டர். தானே ஒரு சிறிய இசைத் துண்டைக் கையால் எழுதியிருந்தார். பிள்ளைகள் நான்கு குழுவாக வாசிக்க வேண்டும் என்பதால், நான்கு குழுவுக்கும் தனித்தனியாக அச்சிட்டுத் தர வேண்டும் என்று பள்ளி கேட்டிருந்தது. கம்ப்யூட்டரில் இசைக்குறிப்பு அச்சடிக்கிற இடம் அந்தப் பக்கத்தில் நாம்தான். குமுதா எங்களிடம் படிப்பது குமாஸ்தாவுக்குத் தெரியாது.

நான் அந்த உறையை வாங்கியிருக்கவே கூடாது. 'பரீட்சை எழுதுகிறவர் எங்கள் மாணவி, வேறிடம் பாருங்கள்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, வெறும் பெருமைதான். நான் வாங்கிய மென்பொருளைத் தேடி ஒரு பள்ளி வந்திருக்கிறது என்ற பெருமை. அந்த வாரம் எனக்குப் பெருமைப்பட வேறு எதுவும் இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டு தட்டச்சு செய்தேன். முடித்ததும் சரிபார்க்க வேண்டும். கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சுரமாகப் பார்ப்பதுதான் முறை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓட விட்டுக் கேட்டேன். பாடுகிற மெஷின் பழக்கம் அது. ஆறு மாதத்தில் குமுதாவுக்கு மட்டுமா அந்தப் பழக்கம் பிடித்தது? எனக்கும் பிடித்துவிட்டது. காதுக்கு எல்லாம் சரியாக இருந்தது. திருப்தியோடு கதவைத் திறந்தேன்.

வெளியே பெஞ்சில் குமுதா உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு வகுப்பு இல்லை. கோடை விடுமுறை, பள்ளியில் வேலை குறைவு, வீட்டில் வாசிக்க இடமில்லை என்று சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். மடியில் வயலின் பெட்டி. பெட்டியின் மேல் இடது கை விரல்கள் தாமாக அசைந்துகொண்டிருந்தன.

"நல்லாக்கீதே மிஸ். புதுசா?"

"சும்மா... ஒரு சாம்பிள்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம். அந்த விரல்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, பாட்டு முழுக்க உள்ளே போய்விட்டது என்று.

அச்சடித்த தாள்களை அனுப்பும் முன் பியானோ டீச்சரிடம் காட்டினேன். அவர் கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, விரலை வைத்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பதினோராவது பாரில் விரல் நின்றது. பார் என்பது இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவிலுள்ள தாளக் கட்டம், வெளியாட்கள் யாராவது படித்தால் தெரிந்துகொள்ளட்டும். அங்கே மாஸ்டர் ஒரு சுரத்துக்கு முன்னால் நேச்சுரல் குறி போட்டிருந்தார். பாட்டு முழுக்க மேலே வைக்கிற இரண்டாம் விரல் அந்த ஓரிடத்தில் மட்டும் அரைச் சுரம் கீழே இறங்க வேண்டும். நான் அந்தக் குறியை விட்டிருந்தேன். குறி இல்லாமலும் பாட்டு இனிமையாகத்தான் ஒலித்தது, அதனால் என் காது கண்டுபிடிக்கவில்லை. திருத்தி, மறுபடி அச்சடித்து அனுப்பினேன்.

இன்னும் மூன்று நாள் இருந்தது. பள்ளிக்கு ஒரு போன் செய்தால் மாஸ்டர் வேறு துண்டு எழுதிவிடுவார். ரிசீவரை இரண்டு முறை எடுத்தேன். எடுத்ததும் மனசு கணக்குப் போடும். சொன்னால் நாங்கள் வேண்டுமென்றே காட்டினோம் என்பார்கள். குமுதாவைப் பரீட்சைக்கே உட்கார விடமாட்டார்கள். ஆறு மாதத்தை நான்தானே வீணாக்கினேன், அதற்கு ஈடாக இது கிடைத்ததாக இருக்கட்டுமே. அவருக்கே தெரியாதபோது அது எப்படித் தப்பாகும்? இப்படி. மனசு ஒரு காரியத்துக்கு ஒரே காரணம் சொன்னால் நம்பலாம். நான்கு சொன்னால் அது மழுப்புகிறது. ரிசீவரை வைத்துவிட்டேன்.

பரீட்சை அன்று அச்சிட்டுக் கொடுத்த மையத்தின் சார்பில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளியின் இசை அறை. விடுமுறையிலும் வரவழைத்த இருபது பிள்ளைகள் வயலினும் செல்லோவுமாக அரைவட்டத்தில். தலைமையாசிரியை, நிர்வாகத்திலிருந்து ஒருவர், மாஸ்டர். நான் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில். குமுதா இஸ்திரி போட்ட புடவையில், தலையில் கனகாம்பரத்தோடு வந்தார். மாஸ்டர் தாளை நீட்டினார்.

"முதல்ல ஒரு தடவை நீங்க வாசிங்கம்மா. அப்புறம் பசங்களுக்குச் சொல்லிக்குடுங்க."

குமுதா தாளை ஸ்டாண்டில் வைத்தார், வயலினைத் தோளில் வைத்தார். முதல் பார் வந்தது. இரண்டாவது. எழுத்துக்கூட்டும் குமுதா இல்லை அது, மேடைக் குமுதா. வில் வழுக்கிக்கொண்டு போனது. மாஸ்டரின் புருவம் உயர்ந்தது, தலைமையாசிரியை பூரித்துப் போனார். நான் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு. ஒன்பது. இங்கே ஞாபகத்தில் வாசித்தால் இரண்டாம் விரல் மேலே விழும், மாஸ்டர் பிடித்துவிடுவார். பத்து. 

பதினொன்றில் வில் நின்றது.

குமுதா தாளை உற்றுப் பார்த்தார். இரண்டாம் விரலை மேலே வைத்தார், அரைச் சுரம் கீழே இழுத்தார், அந்த ஒரு சுரத்தை மட்டும் வாசித்தார். சரியான சுரம். மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு வயலினைத் தோளிலிருந்து இறக்கினார்.

"சார், இந்தப் பாட்டை நான் முன்னாடியே கேட்டிருக்கேன்."

"என்னம்மா?"

"கேட்டிருக்கேன் சார். இந்த எடத்துல மட்டும் நான் கேட்டது வேற, பேப்பர்ல இருக்கறது வேற. இது ஒண்ணுதான் நான் படிச்சது. இதுவரைக்கும் வாசிச்சது எல்லாம் ஞாபகம்." தாளை ஸ்டாண்டிலிருந்து எடுத்து மாஸ்டரிடம் நீட்டினார். "வேற பேப்பர் இருந்தா குடுங்க."

 மாஸ்டரின் முகம் இறுகியது. "இது நான் கையால எழுதினது. யாருக்கும் காட்டலை. எங்க கேட்டீங்க?"

குமுதா கையிலிருந்த வில்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களைத்தான் கேக்கறேன். யாரு வாசிச்சுக் காட்டினது?"

"அது வேணாம் சார். கேட்டேன், சொல்லிட்டேன்."

நிர்வாகத்துக்காரர் தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை தரையைப் பார்த்தார். மாஸ்டர் மேசைமேல் இருந்த தாள்களைச் சேர்த்து அடுக்கினார். "அப்படின்னா இன்னிக்கு முடிஞ்சுதும்மா. நீங்க போகலாம்."

நான் எழுந்து நின்றேன். எங்கள் மையத்தில்தான் கேட்டார், நான்தான் ஓட விட்டேன், அது பரீட்சைத் தாள் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், தெரிந்தும் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.  மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பென்சிலால் அங்கேயே எட்டு பார் எழுதினார். மோசமான கையெழுத்து, குறிகள் சாய்ந்து கிடந்தன. குமுதா அதை வாங்கி, முதலில் காலால் தாளம் தட்டினார், பிறகு முணுமுணுத்துச் சுரத்தின் பெயர்களைச் சொன்னார், கடைசியில் வில்லை எடுத்தார். மெதுவாக, கல்லும் முள்ளுமாக இருந்தது. ஐந்தாவது பாரில் தவறினார், நின்றார், அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். முடித்ததும் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "வயலினைக் கீழ வைங்க. மொதல்ல கைதட்டலாம்," என்றார். கால் மணி நேரத்தில் இருபது பேரும் அந்த எட்டு பாரை வாசித்தார்கள்.

"நிதானமாத்தான் படிக்கறாங்க," என்றார் மாஸ்டர் நிர்வாகத்துக்காரரிடம். "ஆனா படிக்கறாங்க."

குமுதாவுக்கு வேலை கிடைத்தது. எங்கள் மையத்துக்கு அந்தப் பள்ளி அதன்பின் அச்சு வேலை தரவில்லை. செயலாளர் எனக்கு ஒரு கண்டனக் கடிதம் கொடுத்தார், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பியானோ டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "சரி, சத்தமில்லாததை எப்ப வாங்கப்போறே?" என்றார்.

ஆகவே, ஆப் விஷயம். தானே வாசித்துக் காட்டுவது குற்றமில்லை. அதை ஒரேயடியாக ஊமையாக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடும் கோட்டை நிறுத்த முடிகிறதா, வில் குறியும் விரல் எண்ணும் போட முடிகிறதா, காகிதத்தில் ஒழுங்காக அச்சாகிறதா என்று பாருங்கள். முக்கியமாக, யாருக்கு வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். காது மந்தமான பிள்ளைக்குப் பாடுகிற ஆப் நல்லது. காது கூர்மையான பிள்ளைக்கு அதுவே விஷம். வாரத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பென்சிலால் எழுதிய தாளைக் கொடுத்துப் பாருங்கள். உண்மை அன்றைக்குத் தெரியும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். இந்தக் கதையை வேறு இடங்களில் சொல்லும்போது இதோடுதான் நிறுத்துவேன். ஆனால் மேலே ஓர் இடத்தில் உங்களிடம் நான் உண்மை சொல்லவில்லை. மாஸ்டர் 'முடிஞ்சுது' என்றதும் நான் எழுந்து நின்றதாக எழுதியிருக்கிறேன். அப்படி நடக்கவில்லை.

அவர் அப்படிச் சொன்ன பிறகு, குமுதா வில்லின் திருகைத் தளர்த்தினார். வில்லிலிருந்து தந்திகள்மேல் உதிர்ந்திருந்த தூளைத் துணியால் துடைத்தார். வயலினைப் பெட்டியில் வைத்து மூடினார். மாஸ்டருக்கும் தலைமையாசிரியைக்கும் வணக்கம் சொன்னார், பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு நேரமும் நான் உட்கார்ந்தே இருந்தேன். மையத்தின் பெயர், செயலாளர், என் வயலின் பிரிவு, இவருக்கு வேறு வாய்ப்பு வராமலா போகும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் நாற்காலியை ஒட்டிக் கதவுக்கு நடந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்திருப்பார்கள். அது தெரிந்துதான் திரும்பாமல் போனார். அவர் கதவில் கை வைத்த பிறகுதான் எனக்குக் கால் வந்தது.

அன்று இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். டிக்கெட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்புறம் நான் கேட்டேன்:

"ஏன்க்கா சொன்னீங்க? அந்த ஒரு சுரத்தைச் சரியா வாசிச்சுட்டுப் போயிருக்கலாமே. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஆறு மாசம் படிக்கிறேன்னு நெனச்சிக்கினு படிக்காம இருந்தேன் மிஸ். அந்தப் பேஜார் ஒரு தடவை போதும்."

"நான் எழுந்திருக்கலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

குமுதா யோசிக்கவே இல்லை.

"இன்னா பண்ணுவேன்? நாளைக்கு வேலைக்குப் போயிருப்பேன். உங்க கிளாசுக்கு மட்டும் வந்திருக்கமாட்டேன்."